முதலில் கூண்டு, பிறகு பறவை

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கென ஒதுக்கிய நேரத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பொதுக்குழு என்றால் குடிநீர், தெருவிளக்கு, சந்தா பாக்கி என்றுதான் பேசிக் கலைவோம். இந்த முறை பிள்ளைகளுக்காக அரைமணி நேரம் ஒதுக்கி, என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பை நான் தேடவில்லை; தலைப்பே வீடு தேடி வந்தது. நம் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை போன மாதம் வந்து, "தாத்தா, நான் ஒரு கிளி வளர்க்கட்டுமா? உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க அப்பா" என்றது. பெயர் சொல்ல மாட்டேன், வெட்கப்படும். என் வீட்டு வராண்டாவில் பல வருஷமாக லவ் பேர்ட்ஸ் கத்துவது தெருவுக்கே தெரியும். அதனால்தான் என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குச் சொன்னதை இன்று கொஞ்சம் விரிவாக எல்லோருக்கும் சொல்கிறேன். பறவை ஆசை ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஒரு வீட்டில் கூண்டு தொங்கினால் அடுத்த மாதம் நாலு வீட்டில் தொங்கும்.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கால்நடை மருத்துவன் அல்ல. ஆகவே கணக்குப்பிள்ளை பாணியில்தான் பேச வரும். வங்கிக்கு ஒரு கடன் மனு வந்தால் மூன்று கேள்வி கேட்போம். எதற்கு வாங்குகிறீர்கள்? எத்தனை வருஷம்? தவணையை யார் கட்டுவார்? பறவை வாங்க ஆசைப்படும் பிள்ளையிடமும் இதே மூன்று கேள்விதான். கடனில் தவணை தவறினால் அபராத வட்டி கடன் வாங்கியவர் தலையில் விழும். பறவை விஷயத்தில் நாம் தவறினால் அபராதம் கட்டுவது அந்த வாயில்லா ஜீவன்.

முதலில், எந்தப் பறவை?

கிளி என்றதும் நமக்குக் கண்ணில் வருவது பச்சை உடம்பு, சிவந்த மூக்கு, கழுத்தில் கோடு. நம் பனங்காட்டுப் பொந்திலும் ஆலமரப் பொந்திலும் குஞ்சு பொரிக்கிற பச்சைக்கிளி. அந்தக் கிளியை வீட்டில் வளர்க்கக் கூடாது. இதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. 2022-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பல மாவட்டங்களில் வனத்துறை அறிவிப்புக் கொடுத்து, வீட்டில் இருக்கும் கிளிகளை ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறது. மைனாவும், தினைக்குருவி என்று சொல்கிற சில்லையும் இப்படித்தான். நம் நாட்டுக் காட்டுப் பறவை எதுவும் கூண்டுக்கு உரியதல்ல.

"எங்க மாமா தோட்டத்துப் பனையிலிருந்து குஞ்சு எடுத்துத் தர்றேன்னு சொன்னாங்க, காசு கொடுத்து வாங்கலையே" என்று அந்தப் பிள்ளையும் சொன்னது. காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். சட்டத்தை விடுங்கள். ஒரு பொந்தில் கைவிட்டுக் குஞ்சை எடுத்தால், தாய்ப்பறவை இரை கொண்டுவந்து வெறும் பொந்தைப் பார்க்கிறது. இறகு முளைக்காத குஞ்சுக்கு நாம் பாலும் சோறும் ஊட்டுகிறோம். பறவைக்குப் பால் செரிக்காது. பிழைத்தால் அது அதன் அதிர்ஷ்டம்.

விதி எதற்கு என்று நம் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு அறையில் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று எழுதியிருப்பது ஏன் என்று நமக்குத் தெரியும். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதியை மறந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. ஆகவே பிள்ளைகளே, "எல்லாரும்தானே வளர்க்கிறாங்க" என்ற பேச்சு நம் ஊருக்கு வேண்டாம்.

நம் மாவட்டத்துக்குக் கிளி ஒன்றும் புதிதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் இடக்கையில் இருக்கும் கிளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இலையும் பூவும் கொண்டு தினமும் புதிதாகக் கட்டுகிற கிளி அது. மாதுளம்பூதான் மூக்கு. கோயிலிலேயே அப்படி என்றால், உயிருள்ள கிளி மரத்தில் இருக்கட்டுமே. காலை வெளிச்சத்தில் கூட்டமாகக் கத்திக்கொண்டு போகிறதே, அதைப் பார்க்கக் காசா கேட்கிறது?

ஏற்கெனவே யார் வீட்டிலாவது பச்சைக்கிளி இருந்தால், பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்து விட்டுவிடாதீர்கள். கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. றெக்கையில் பலம் இருக்காது. விடிவதற்குள் காக்கையோ பூனையோ முடித்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் வனத்துறை அலுவலகம் இருக்கிறது. அங்கே பேசி ஒப்படைப்பதுதான் முறை.

அப்படியானால் எதைத்தான் வளர்ப்பது? கடையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அந்தக் குட்டிப் பறவையின் சரியான பெயர் பட்ஜி. ஆஸ்திரேலியாவின் வறண்ட பூமியைச் சேர்ந்தது. 1840-இல் ஜான் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அன்றிலிருந்து கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே பெருகி, பச்சையாக இருந்தது நீலம், மஞ்சள், வெள்ளை என்று பல நிறமாகிவிட்டது. அதைவிடப் பெரியது, தலையில் கொண்டை உள்ளது காக்டெயில். இந்த இரண்டையும் வளர்க்கச் சட்டத் தடை இல்லை, பதிவும் தேவையில்லை. ஆனால் சன் கன்யூர், மக்காவ், சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டுப் பறவைகளுக்கு 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். யாராவது "பேப்பர் இல்லாம கம்மி விலைக்குத் தர்றேன்" என்றால், அது பத்திரம் இல்லாத நிலம் மாதிரி. தொட வேண்டாம். முதல் முறை வளர்க்கும் பிள்ளைக்கு ஒரு ஜோடி பட்ஜி போதும்.

இரண்டாவது, எத்தனை வருஷம்?

நன்றாகப் பார்த்துக்கொண்டால் பட்ஜி ஐந்து முதல் எட்டு வருஷம் இருக்கும், சில பத்தையும் தாண்டும். காக்டெயில் பதினைந்து முதல் இருபது. சாம்பல் கிளி நாற்பது வருஷத்துக்கு மேலும் இருக்கும். இப்போது பென்சில் எடுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது 14. பட்ஜிக்கு எட்டு வருஷம் என்று வைத்தால் 22. அதற்குள் பத்தாம் வகுப்புப் பரீட்சை, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, கல்லூரி, விடுதி, முதல் வேலை எல்லாம் வந்துவிடும். காக்டெயில் என்றால் 34. கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கும் கூண்டைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

வங்கியில் கணக்கு ஆரம்பிக்கும்போது நாமினி யார் என்று கேட்போம். பல பேர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போவார்கள். பிறகு அவர்கள் குடும்பம் படும் பாட்டை கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் நான். பறவைக்கும் நாமினி வேண்டும். நான் விடுதிக்குப் போனால் யார் பார்ப்பது? குடும்பத்தோடு இருக்கன்குடிக்கோ திருச்செந்தூருக்கோ இரண்டு நாள் போனால் யார் தண்ணீர் வைப்பது? "அம்மா பார்த்துப்பாங்க" என்று வாய் தானாகச் சொல்லும். அந்த அம்மாவிடம் கேட்டீர்களா? காலையில் வேன் ஏறி வேலைக்குப் போய் இருட்டும் நேரத்துக்கு வருகிற அம்மாவுக்கு இன்னொரு வேலையைத் தலையில் கட்டுகிறோம். நாமினி சம்மதித்து, அவர் பெயரை நோட்டில் எழுதிய பிறகுதான் மேற்கொண்டு பேச்சு.

மூன்றாவது, நம் வீடு தாங்குமா?

இதை மற்ற ஊர்க்காரர்களைவிட நாம்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பறவையின் மூச்சு நம் மூச்சு மாதிரி இல்லை. நாம் இழுத்த காற்றை அதே வழியில் வெளியே விடுகிறோம். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரல் வழியாகப் புதுக்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். உயரத்தில் பறப்பதற்கு அது வரம். கெட்ட காற்று வந்தால் அதுவே சாபம். இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தொழிலாளிகள் கேனரி என்ற மஞ்சள் குருவியைக் கூண்டில் கொண்டுபோவார்கள். நச்சு வாயு இருந்தால் மனிதனுக்கு முன்னால் குருவி மயங்கி விழும். உடனே ஆட்கள் வெளியேறுவார்கள். 1986 வரை இந்த வழக்கம் இருந்தது. பட்ஜியும் அப்படிப்பட்ட உடம்புதான். எடை முப்பது, நாற்பது கிராம் இருந்தால் அதிகம்.

ஆகவே சில காரியங்கள். சமையலறையில் கூண்டு வைக்கவே கூடாது. நான்ஸ்டிக் தவாவை வெறுமையாக அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் அதிலிருந்து வரும் புகையே பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி, பீடி, சிகரெட், வாசனை ஸ்பிரே எதுவும் கூண்டுள்ள அறையில் வேண்டாம். பட்டாசு வேலைக்குப் போய் வருகிறவர்கள் குளித்து, உடை மாற்றிய பிறகு பறவையிடம் போங்கள். வேலைத் துணியை உதறுவது கூண்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். கந்தகமும் அலுமினியப் பவுடரும் நம் கைக்குப் பழகியிருக்கலாம், அந்தச் சின்ன மூக்குக்குப் பழகாது. இது குழந்தைகளுக்கும் பொருந்தும் என்பதைத் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் யாருக்காவது வீசிங், ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பறவை வாங்க வேண்டாம். இறகுத் தூசி ஒத்துக்கொள்ளாது. கிளிக் காய்ச்சல் என்று ஒன்று பறவையிலிருந்து மனிதருக்கு வரக்கூடியது. கூண்டைச் சுத்தம் செய்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், பறவையை முத்தமிடாமல் இருப்பதும் பாதுகாப்பு.

அடுத்தது சத்தம். பட்டாசு நமக்குச் சோறு. வெடிக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சொன்னால் என் வீட்டிலேயே சோறு கிடைக்காது. ஆனால் வெடிச்சத்தத்தில் பறவை கூண்டுக்குள்ளேயே பறந்து மோதி றெக்கை ஒடிக்கும். காக்டெயில் இருட்டில் மிரண்டால் விடியும் வரை அடங்காது. ஆகவே தயாராக இருப்பது நம் கடமை. 2018-இல் உச்ச நீதிமன்றம் நேரக் கட்டுப்பாடு விதித்த பிறகு, தீபாவளியன்று நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் என்று நேரம் குறித்தார்கள். நேரம் தெரிந்தால் ஏற்பாடு சுலபம். வெடி தொடங்குவதற்கு அரைமணி முன்பே கூண்டை வீட்டின் உள்ளறைக்குக் கொண்டுபோங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். கூண்டின் மூன்று பக்கம் பருத்தித் துணியால் மூடுங்கள், ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். சின்ன விளக்கு எரியட்டும், ரேடியோ மெதுவாகப் பாடட்டும். முடிந்தால் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். தெருவில் சரம் கொளுத்துகிற பிள்ளைகள், கூண்டு இருக்கும் வீட்டு வாசலை விட்டு நாலு வீடு தள்ளிக் கொளுத்தினால் போதும். கல்யாணம், கட்சிக் கூட்டம், காதுகுத்துக்கும் இதே முறைதான்.

இப்படியும் ஊர் இருக்குமா என்று கேட்பீர்கள். நமக்குப் பக்கத்து மாவட்டம் சிவகங்கையில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிக் கொள்ளுக்குடிப்பட்டி என்ற ஊர் இருக்கிறது. கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று பல பத்தாண்டுகளாக அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடிப்பதில்லை. அதே மாவட்டத்தில் பொத்தகுடி என்ற கிராமத்தில் 2020 ஊரடங்கு நேரத்தில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை ஒரு மாதத்துக்கு மேல் அந்தத் தெருவே விளக்குப் போடாமல் இருந்தது. இரண்டு ஊரிலும் யாரும் பறவையைக் கூண்டில் வைக்கவில்லை. ஆனால் வளர்ப்பது என்றால் இதைவிடப் பெரிய வளர்ப்பு உண்டா?

இப்போது கூண்டு, சாப்பாடு, வியாதி. இவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு ஜோடி பட்ஜிக்குக் கூண்டு இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்குக் குறையக் கூடாது. உயரத்தைவிட நீளம் முக்கியம், பறவை பக்கவாட்டில்தான் பறக்கும். கம்பிக்குக் கம்பி அரை அங்குலம் இடைவெளி போதும். அதிகமானால் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். புது ஜி.ஐ. வலை என்றால் அதன் துத்தநாகப் பூச்சைக் கொறித்தால் விஷமாகும். வினிகர் விட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். உட்கார ஒரே அளவு பிளாஸ்டிக் குச்சி வேண்டாம். கொய்யா, வேம்பு கிளைகளை வெவ்வேறு பருமனில் வெட்டி வையுங்கள், கால் நன்றாக இருக்கும். கூண்டை ஒரு சுவரை ஒட்டி, நம் கண் உயரத்தில், பூனையும் எலியும் பாம்பும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். வெளியே விட்டுப் பறக்கவிடும்போது சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டும். இதை எழுதிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

எல்லோரும் முதல் நாளே ஒரு மண்பானையைத் தொங்கவிடுவார்கள். முதல் வருஷம் பானை வேண்டாம். பானை வந்தால் முட்டை வரும், முட்டை வந்தால் குஞ்சு வரும், ஒரு வருஷத்தில் இரண்டு பத்தாகும். இடம் போதாமல் சண்டை, கடைசியில் யாருக்காவது தள்ளிவிடுவது. தவணை கட்ட முடியாத கடனுக்கு மேல் டாப்-அப் கடன் வாங்குகிற கதை அது. வளர்ந்த பட்ஜியில் மூக்குக்கு மேலே உள்ள சதை பெரும்பாலும் நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். இரண்டு ஆணாக வாங்கினாலும் அவை ஒன்றுக்கொன்று துணையாகவே இருக்கும். கூட்டமாக வாழும் பறவை என்பதால் ஒற்றையாக வைக்காமல் இருப்பது நல்லது.

சாப்பாட்டுக்கு நம் மாவட்டம் கொடுத்துவைத்தது. தினைதான் முதல் சாப்பாடு. கம்பு, சாமை, குதிரைவாலி கலந்து கொடுக்கலாம். ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு இரண்டு டீஸ்பூன் தானியம் போதும். தானியம் மட்டும் கொடுத்தால் கொழுப்பு ஏறும், ஈரல் கெடும். தினமும் கொஞ்சம் முருங்கைக்கீரை, மல்லித்தழை, துருவிய காரட் வேண்டும். பூச்சிமருந்து போக நன்றாகக் கழுவிக் கொடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள். அதைக் கூண்டில் சொருகிவைத்தால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். சாத்தூர் வெள்ளரிக்காய் கொடுக்கலாம்; சாத்தூர் சேவு கூடாது. பால்கோவாவும் கூடாது. உப்பு, எண்ணெய், சாக்லேட், வெங்காயம், அவகாடோ ஆகியவை பறவைக்குக் கேடு. அவகாடோவும் சாக்லேட்டும் உயிரையே எடுக்கும். தண்ணீர் காலையும் மாலையும் மாற்ற வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் வாயைத் திறந்து மூச்சிரைத்து, றெக்கையை உடம்பை விட்டுத் தள்ளிவைத்திருந்தால் அதற்குச் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். நிழலுக்கு மாற்றி, அகலத் தட்டில் தண்ணீர் வைத்து, பக்கத்தில் ஈரச்சாக்குத் தொங்கவிடுங்கள். பொழுது அடைந்தபின் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அதற்குத் தூக்கம் வேண்டும். டி.வி. ஓடுகிற அறையில் பதினோரு மணி வரை விழித்திருக்க அது பரீட்சை எழுதப்போவதில்லை.

பறவை வியாதியை மறைக்கும். காட்டில் சோர்ந்து தெரிந்தால் பருந்துக்கு இரையாகிவிடும் என்பதால் பிறவியிலேயே வந்த பழக்கம். நமக்குத் தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். இறகைச் சிலிர்த்துப் பந்து மாதிரி உட்கார்ந்திருப்பது, கூண்டின் தரையில் இருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, எச்சம் நிறம் மாறுவது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். "நாளைக்குப் பார்ப்போம்" கூடாது. ஆனால் எந்த மருத்துவர்? கால்நடை மருந்தகங்கள் நமக்குப் பக்கத்தில் உண்டு. அங்கே ஆடு மாடுதான் அதிகம் வரும். பறவை பார்ப்பவர் யார், எந்த நாளில் இருப்பார் என்று பறவை வாங்குவதற்கு முன்பே விசாரித்து நோட்டில் எழுத வேண்டும். திருநெல்வேலி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போய்வர ஒரு நாளும் பஸ் செலவும் ஆகும். அதையும் கணக்கில் சேருங்கள். புதிதாக ஒரு பறவை வாங்கினால் பழைய கூண்டில் உடனே விடாமல், முப்பது நாள் தனி அறையில் வைத்துப் பாருங்கள்.

இப்போது அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்த வேலைக்கு வருகிறேன். இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

கூண்டை வாங்கு, பறவையை வாங்காதே என்றேன். பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. முப்பது நாள் வெறும் கூண்டைப் பராமரிக்க வேண்டும். தினமும் காலை ஒரே நேரத்தில் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி மாற்ற வேண்டும். அடியில் விரித்த பேப்பரை எடுத்துப் புதுப் பேப்பர் விரிக்க வேண்டும். இரண்டு பறவைக்கு நாலு டீஸ்பூன் தினையை அளந்து வைத்து, மறுநாள் அதை மொட்டைமாடியில் சிட்டுக்குருவிக்குப் போட வேண்டும். கீரை நறுக்க வேண்டும். பொழுது சாயும்போது துணி மூட வேண்டும். சாயங்காலம் ஒரு மணி நேரம் போனைத் தூர வைத்துவிட்டு அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், பாடம் படித்தாலும் சரி. ஒவ்வொன்றையும் நோட்டில் தேதியோடு எழுத வேண்டும். அந்த முப்பது நாளுக்குள் ஒரு பரீட்சை வாரம் வரட்டும், ஒரு காய்ச்சல் வரட்டும், ஒரு விசேஷ வீடு வரட்டும். இவையெல்லாம் எட்டு வருஷத்திலும் வரத்தானே போகின்றன.

நோட்டின் பின்பக்கத்தில் வரவு செலவு. கூண்டு, தானியம், கீரை, கடல்நுரை, மருத்துவர், பஸ். விலை என்ன என்று என்னைக் கேட்டது. நான் சொல்லவில்லை. மூன்று கடை ஏறி இறங்கி நீயே எழுதி வா என்றேன். பறவையின் விலை ஒரு முறைதான், மற்றதெல்லாம் மாதாமாதம். அதில் எவ்வளவு தன் சேமிப்பிலிருந்து, எவ்வளவு அப்பாவிடமிருந்து என்று பிரித்து எழுதி, அப்பா கையெழுத்து, நாமினி கையெழுத்து.

முப்பது நாளில் நாலு நாள் விட்டுப்போனால் கூண்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. கடன் தகுதி இல்லை என்று தெரிந்து வாங்காமல் விடுகிறவர்தான் நல்ல வாடிக்கையாளர். கூண்டு போனாலும் முப்பது நாள் தினை தின்ற சிட்டுக்குருவிகள் மாடியை விட்டுப் போகாது. ஒரு மண்சட்டியில் தண்ணீரும், தாழ்வாரத்தில் ஒரு அட்டைப்பெட்டிக் கூடும் வைத்தால் அவையும் உங்கள் பறவைகள்தான். மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி தினம். நம் சங்கம் அன்று பிள்ளைகளைக் கொண்டு தெருவுக்கு நாலு பெட்டி கட்டலாம்.

அந்தப் பிள்ளைக்கு இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. நோட்டை எனக்குக் காட்டியது. பதினோராம் நாள் ஒரு கோடு கிழித்து "இன்று மறந்துவிட்டேன், சாயங்காலம் மாற்றினேன்" என்று எழுதியிருக்கிறது. மறந்ததை மறைக்காமல் எழுதியதைப் பார்த்து, கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு நம்பிக்கை வந்தது. முடிவு எப்படி ஆனாலும் அது அந்தப் பிள்ளை எடுக்கும் முடிவு. பச்சைக்கிளி தருவதாகச் சொன்ன மாமாவிடம் "வேண்டாம், அது பனையிலேயே இருக்கட்டும்" என்று அதுவே போனில் சொல்லிவிட்டதாம்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. செயலாளர் குறித்துக்கொள்ள வேண்டும். பறவை வளர்க்கும் வீடுகளின் பட்டியல் ஒன்றும், ஊருக்குப் போகும்போது ஒருவர் வீட்டுப் பறவையை இன்னொருவர் பார்த்துக்கொள்ளச் சம்மதிப்போரின் பட்டியல் ஒன்றும் சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு வாட்ஸ்அப் குழுவில் கூண்டு உள்ள வீடுகளைப் பற்றி ஒரு நினைவூட்டல் போடுங்கள். இரண்டாவது பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம். அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் நாமினி இடத்திலும் ஏற்கெனவே நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அடுத்தது சந்தா பாக்கி விவரம், பொருளாளர் காத்திருக்கிறார்.